இறுதிநிலைக் கணக்கும் நிர்வாகத் தீர்ப்பும்

வணிகருக்கும் பொருளியல் அறிஞருக்கும் இடையே நெடுங்காலமாக ஒரு பிணக்கு இருந்து வருகிறது. அறிஞர் கரும்பலகையில் இரண்டு வளைகோடுகளை வரைந்து, அவை வெட்டிக்கொள்ளும் இடத்தைச் சுட்டி, "இந்த அளவில் உற்பத்தி செய், இந்த விலைக்கு விற்பனை செய், இலாபம் உச்சத்தை எய்தும்" என்பார். வணிகரோ, "என் கடையில் வளைகோடு ஏது? வாடகை உண்டு, கூலி உண்டு, கடன் உண்டு, எதிர்க்கடைக்காரன் உண்டு" என்பார். இவ்விருவரையும் ஒரே மேசையில் அமர்த்த முயன்ற துறையே நிர்வாகப் பொருளியல். தனியொரு நிறுவனம், தனியொரு சந்தை, தனியொரு விலை ஆகியவற்றை ஆராயும் நுண்பொருளியலை, மேலாளர் நாள்தோறும் செய்யும் முடிவுகளுக்குப் பயன்படுத்துவதே அத்துறையின் நோக்கம். அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜோயல் டீன் 1951ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் இத்துறைக்கு உருவமும் பெயரும் தந்தது எனலாம்.

வணிக நிர்வாகம் கற்பிக்கப்படும் கல்லூரிகளில் இன்று இத்துறைக்கு உறுதியான இடம் உண்டு. ஆயினும் அது வாக்களிப்பதை நிறைவேற்றுகிறதா, நிறைவேற்றுமாயின் எந்த எல்லைக்குள் என்னும் வினா இன்னும் ஆராயத்தக்கதாகவே இருக்கிறது. அதனைப் பொதுப்பட ஆராய்வதினும், ஒரு தொழிலை உரைகல்லாகக் கொண்டு ஆராய்தல் பயன் தரும். அதற்கு ஏற்ற தொழில் விமானப் போக்குவரத்து. விமானம் தரையை விட்டு எழுந்த கணமே, விற்காமற்போன இருக்கை அழிந்துபோன சரக்காகிவிடுகிறது. விமானத்தின் விலை, பழுதுபார்ப்புக் கூடம், அலுவலகம் ஆகியவற்றின் செலவோ பயணிகள் வந்தாலும் வராவிட்டாலும் நிற்பதில்லை. கோட்பாட்டின் வலிமையும் குறையும் இத்தொழிலில் தெளிவாகப் புலப்படும்.

கோட்பாடு கூறுவது யாது?

1870களில் இங்கிலாந்தில் ஜெவன்ஸ், ஆஸ்திரியாவில் மெங்கர், சுவிட்சர்லாந்தில் வால்ராஸ் ஆகிய மூவர் தனித்தனியே ஒரு கருத்தை வளர்த்தனர். ஒரு பொருளின் மதிப்பை அதன் மொத்தப் பயன் தீர்மானிப்பதில்லை. கடைசியாகச் சேரும் ஓர் அலகின் பயனே தீர்மானிக்கிறது என்பது அதன் சாரம். ஆல்ஃபிரட் மார்ஷல் 1890இல் வெளியிட்ட பெருநூல் இதனை உற்பத்திக்கும் விலைக்கும் விரிவாகப் பொருத்திக் காட்டியது. நிறுவனத்திற்கு இது தரும் விதி எளியது. ஒரு செயலால் கூடும் வருவாய், அச்செயலால் கூடும் செலவைவிட மிகுதியாயின் அதனைச் செய்க, குறைவாயின் விடுக. கூடும் செலவை இறுதிநிலைச் செலவு என்றும், கூடும் வருவாயை இறுதிநிலை வருவாய் என்றும் வழங்குவர்.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்குச் சரக்கேற்றிச் சென்ற லாரி ஒன்று வெறுமையாகத் திரும்ப இருக்கிறது. போகவர ஆகும் மொத்தச் செலவு 1,000 வெள்ளி. திரும்பும் வழியில் 200 வெள்ளிக்கு ஒரு சுமை கிடைக்கிறது. பாதிச் செலவு 500 வெள்ளி, கிடைப்பதோ 200. ஆகவே நட்டம் என்று சொல்லி மறுப்பவர் உண்டு. ஆனால் லாரி எப்படியும் திரும்பியே ஆகவேண்டும். சுமை ஏற்றுவதால் புதிதாகக் கூடும் செலவு ஏற்றுகூலியும் சிறிது டீசலும் சேர்ந்து 80 வெள்ளி மட்டுமே. எனவே அச்சுமையை ஏற்பதால் 120 வெள்ளி மிச்சம். சராசரிக் கணக்கு 'வேண்டாம்' என்ற இடத்தில் இறுதிநிலைக் கணக்கு 'ஏற்றுக்கொள்' என்கிறது. அது சொல்வதே சரி. முடிவால் மாறாத செலவை முடிவுக்குரிய கணக்கில் சேர்த்தல் ஆகாது என்பதே இதன் உட்பொருள்.

இதனோடு இணைந்து நிற்பது வாய்ப்புச் செலவு என்னும் கருத்து. ஒன்றைச் செய்வதற்காகக் கைவிடப்படும் அடுத்த நல்ல வாய்ப்பே அதன் உண்மையான செலவு. பிற்காலத்தில், 1991இல், நோபல் பரிசு பெற்ற ரொனால்ட் கோஸ் 1938இலேயே கணக்காளர்களுக்கான இதழொன்றில் தொடர் கட்டுரைகள் எழுதி, ஏட்டில் பதிந்த செலவு வேறு, முடிவுக்கு உரிய செலவு வேறு என்பதை எடுத்துக் காட்டினார். சொந்தக் கட்டடத்தில் கடை வைத்திருப்பவர் 'எனக்கு வாடகை இல்லை' என்று மகிழ்வது கணக்கேட்டின்படி சரி. அக்கட்டடத்தை வாடகைக்கு விட்டிருந்தால் வந்திருக்கக்கூடிய தொகையை அவர் நாள்தோறும் இழந்து வருகிறார் என்பது பொருளியலின்படி சரி.

வணிகர் தந்த மறுப்பு

கோட்பாடு இவ்வளவு தெளிவாக இருந்தும், வணிகர் அதனைப் பின்பற்றுகின்றனரா? ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த ஹால், ஹிட்ச் என்னும் இருவர் 38 தொழில் முனைவோரை நேரில் வினவி, தம் முடிவுகளை 1939இல் வெளியிட்டனர். விலையை எவ்வாறு குறிக்கிறீர்கள் என்ற வினாவுக்குப் பெரும்பாலோர் தந்த விடை ஒன்றே: பொருளுக்கு ஆகும் முழுச் செலவையும் கணக்கிட்டு, அதன்மேல் நியாயமான ஓர் இலாபத்தைச் சேர்க்கிறோம் என்பது. இறுதிநிலைச் செலவு என்ற ஒன்றை அவர்கள் கணக்கிட்டதாகவே தெரியவில்லை.

1946இல் அமெரிக்கப் பேராசிரியர் ரிச்சர்ட் லெஸ்டர் தென்மாநில நிறுவனங்களுக்கு வினாப்பட்டியல் அனுப்பி, எத்தனை பேரை வேலைக்கு அமர்த்துவது என்பதைத் தீர்மானிப்பது எது என்று கேட்டார். கூலி விகிதத்தைவிடச் சரக்கின் தேவையே பெரிதும் தீர்மானிக்கிறது என்ற விடைகள் வந்தன. இதற்கு அவ்வாண்டே மறுப்பு எழுதினார் ஃபிரிட்ஸ் மாக்லப். முன்னே செல்லும் லாரியை முந்திச் செல்லும் கார் ஓட்டுநர், வேகத்தையும் தொலைவையும் எதிரே வரும் வண்டியையும் சமன்பாடு போட்டா கணக்கிடுகிறார்? கணக்கிடாமலேயே சரியாக முந்துகிறார். அதுபோலவே வணிகரும் இறுதிநிலைக் கணக்கை அறியாமலே அதன்படி நடக்கிறார் என்பது மாக்லப்பின் வாதம்.

வாதம் நயமானது. கோட்பாட்டை அது காப்பாற்றியும் விடுகிறது. ஆனால் நிர்வாகப் பொருளியலை அது இக்கட்டில் ஆழ்த்துகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஓட்டுநருக்கு இயக்கவியல் தேவையில்லையெனின், மேலாளருக்கு இறுதிநிலைக் கணக்கைக் கற்பிப்பது எதற்காக? வணிகர் ஏற்கெனவே அவ்வாறே நடக்கிறார் என்றால் பாடம் வீண். நடக்கவில்லை என்றால் கோட்பாடு உலகை உள்ளவாறு காட்டவில்லை. இவ்விரண்டில் ஒன்றையேனும் ஒப்புக்கொள்ளாமல் இத்துறை நிற்க இயலாது.

ஜோயல் டீனின் பணி இவ்விடத்தில் பாராட்டுக்குரியது. அவர் வளைகோடுகளை நம்பி அமர்ந்துவிடவில்லை. 1936இல் ஒரு மரச்சாமான் தொழிற்சாலை, 1941இல் ஒரு காலுறை ஆலை, ஒரு தோல்வார்ப் பட்டறை ஆகியவற்றின் கணக்கேடுகளை எடுத்து, உற்பத்தி கூடக்கூடச் செலவு எவ்வாறு மாறுகிறது என்று அளந்து பார்த்தார். பாடநூல்களில் இறுதிநிலைச் செலவு முதலில் இறங்கிப் பின் ஏறும் கிண்ணம்போல் வரையப்பட்டிருக்கும். டீன் கண்டதோ, அந்த ஆலைகள் இயங்கிய அளவுகளுக்குள் அது ஏறக்குறைய நிலையாக இருந்தது என்பதே. கோட்பாட்டின் படம் பிழைபட்டது. கோட்பாடு கேட்கச் சொன்ன கேள்வியோ பயன்பட்டது. நுண்பொருளியல் மேலாளருக்கு அளிப்பது உலகின் வரைபடம் அன்று. எந்தச் செலவைக் கணக்கில் சேர்ப்பது, எதனை விலக்குவது என்னும் ஒழுங்கு மட்டுமே. இவ்வாறு கொண்டால் மேற்சொன்ன இக்கட்டு பெருமளவு தீர்ந்துவிடும்.

பாதி பறக்கும் விமானங்கள்

இந்த ஒழுங்கை ஒரு நிறுவனம் முழுமனத்துடன் கடைப்பிடித்த வரலாறு 1963ஆம் ஆண்டு ஏப்ரலில் அமெரிக்காவின் 'பிசினஸ் வீக்' இதழில் வெளிவந்தது. காண்டினென்டல் விமான நிறுவனம் 1962இல் தன் போயிங் 707 விமானங்களில் பாதி இருக்கைகளையே நிரப்பியது. நாட்டின் சராசரியைவிட இது ஏறத்தாழ 15 விழுக்காட்டுப் புள்ளிகள் தாழ்வு. 120 இருக்கைகள் கொண்ட விமானம் சில வேளைகளில் 30 பயணிகளுடன் பறந்தது. ஒரு சில பயணங்களை நிறுத்தியிருந்தாலே சராசரி உயர்ந்திருக்கும். நிறுவனம் நிறுத்தவில்லை, நிறுத்தினால் இலாபம் குறையும் என்பது அதன் கணக்கு.

அக்கணக்கை வகுத்தவர் அந்நிறுவனத்தின் பொருளாதாரத் திட்டப் பொறுப்பாளர் கிறிஸ் வீலன். இதழ் தந்த எடுத்துக்காட்டு இது: ஒரு நகரிலிருந்து மற்றொரு நகருக்கு நாள்தோறும் ஒரு கூடுதல் பயணம் நடத்தலாமா? எல்லாப் பொதுச் செலவுகளையும் பங்கிட்டால் அப்பயணத்தின் முழுச் செலவு 4,500 டாலர். அப்பயணத்திற்கென்றே கையைவிட்டுப் போகும் செலவு 2,000 டாலர். எதிர்பார்க்கும் வருவாய் 3,100 டாலர். சராசரிக் கணக்கின்படி 1,400 டாலர் நட்டம். ஆனால் மீதி 2,500 டாலர் பொதுச் செலவு, பயணம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் ஆகவே செய்யும். ஆகையால் பயணத்தை நடத்துவதே சரி. நிகர இலாபத்தில் 1,100 டாலர் கூடும்.

இதனினும் சுவையான மற்றொரு செய்தியும் உண்டு. இரவு நேரத்தில் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரிலிருந்து டென்வருக்குச் சென்று மீளும் ஒரு பயணம் பல நாள்களில் பயணியே இன்றி நடைபெற்றது. பார்ப்போருக்கு இது பைத்தியக்காரத்தனம்போல் தோன்றும். ஆனால் கொலராடோ ஸ்பிரிங்ஸில் இரவு முழுவதும் விமானத்தை நிறுத்திவைக்கக் கொட்டகை வாடகை கொடுப்பதைவிட, பறந்து போய் வருவதே மலிவாக இருந்தது! கணக்கை ஒரு பயணத்தோடு நிறுத்தாமல், முடிவால் மாறுகின்ற அனைத்தையும் சேர்த்துப் பார்த்ததன் பயன் இது.

மறக்கப்பட்ட மறுபாதி

மேற்கண்ட 3,100 டாலர் எடுத்துக்காட்டு பாடநூல்கள் பலவற்றில் இடம்பெற்றுப் புகழடைந்தது. ஆனால் அதே கட்டுரையில் இருந்த மற்றொரு செய்தி அந்த அளவுக்குப் பரவவில்லை. நிறுவனத்தின் பெரும்பாலான பயணங்கள் தம் முழுச் செலவையும் மீட்டுத் தந்தாக வேண்டும். தேய்மானமும் காப்புறுதியும் மேற்செலவும் உண்மையான செலவுகளே. அடிப்படைப் பயண அட்டவணை வகுக்கப்பட்ட பின்னரே இறுதிநிலைக் கணக்குக்கு இடம் என்பதே வீலனின் நிலை. அவர் வீட்டுக்கு அடித்தளம் இட்ட பின்னரே மாடியில் கூடுதல் அறை கட்டினார். அறையைப் பார்த்தவர்கள் அடித்தளத்தை மறந்தார்கள்.

இம்மறதியின் விளைவு சிறிதன்று. ஒரு நிறுவனம் பத்துப் பயணங்கள் நடத்துகிறது. பத்தும் மேற்கண்ட கூடுதல் பயணத்தைப் போன்றவையே என்று கொள்வோர் கணக்கைப் பார்க்கலாம். ஒவ்வொரு பயணமும் 1,100 டாலர் 'கூட்டித்' தருகிறது. மொத்தம் 11,000. ஆனால் பொதுச் செலவு 25,000. ஆண்டிறுதிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. நாள் ஒன்றுக்கே 14,000 டாலர் நட்டம். பத்துத் தீர்ப்புகளும் தனித்தனியே சரி. பத்தும் சேர்ந்த நிறுவனமோ அழிவுப் பாதையில்! பயணங்களை நிறுத்தினால் நட்டம் 25,000 ஆகிவிடும் என்பதால், இன்றைக்கு நடத்துவதே மேல் என்பதும் உண்மைதான். ஆயினும் விமானம் பழுதாகிப் புதியது வாங்கும் நாள் வரும்போது, வாங்குவதற்குப் பணம் இராது. வாங்குவதற்குக் காரணமும் இராது.

இவ்வேறுபாட்டை மார்ஷலே குறுங்காலம், நெடுங்காலம் என்று பிரித்துக் காட்டியிருக்கிறார். குறுங்காலத்தில் சில செலவுகள் மாறாதவை. நெடுங்காலத்தில் எல்லாச் செலவுகளும் மாறுபவை. ஆகவே 'எது மாறாச் செலவு?' என்னும் வினாவுக்கு, 'எவ்வளவு காலத்திற்கு?' என்பதே எதிர்வினா. கோட்பாட்டில் இவ்வினா உண்டு. அதனைப் பயன்படுத்தும் மேலாளரின் கணக்கில்தான் அது பெரும்பாலும் காணாமற்போகிறது. அவ்வாண்டு இலாபத்தைக் கொண்டே மதிப்பிடப்படும் மேலாளருக்கு அவ்வாண்டே உலகம். அதற்கு அப்பாற்பட்ட செலவு அடுத்து வருபவர் கவலை.

மற்றொன்றும் நினைக்கத்தக்கது. வீலன் கணக்கிட்ட காலத்தில் அமெரிக்க உள்நாட்டு விமானக் கட்டணங்கள் அரசு வாரியத்தின் கட்டுப்பாட்டில் இருந்தன. அக்கட்டுப்பாடு 1938இல் தொடங்கியது. ஆகவே அவர் கூடுதல் பயணம் நடத்தினாரேயன்றி, கட்டணத்தை விருப்பம்போல் வெட்டவில்லை. போட்டியாளரும் வெட்ட இயலவில்லை. அரசு எழுப்பிய மதிலுக்குள் விளைந்த பயிர் அது. 1978 அக்டோபரில் அக்கட்டுப்பாட்டை நீக்கும் சட்டம் நிறைவேறியது. அதன்பின் விலையையும் இறுதிநிலைச் செலவு நோக்கி இறக்கலாயிற்று. ஓர் இருக்கை காலியாகப் போவதைவிட எந்த விலைக்கு விற்றாலும் இலாபம் என்று ஒரு நிறுவனம் எண்ணும்போது, எதிர் நிறுவனமும் அவ்வாறே எண்ணுகிறது. பினாங்கிலிருந்து திரும்பும் லாரிக்காரர் 200 வெள்ளிக்குச் சுமையேற்றுவது ஒருநாள் நிகழ்ச்சியாயின் இலாபம். அதுவே எல்லாருக்கும் தெரிந்த வழக்கமானால், அவ்வழிக்கு அதுவே விலையாகிவிடும். கோட்பாடு 'பிற யாவும் மாறாதிருப்பின்' என்று தொடங்குகிறது. சந்தையிலோ பிறரும் கணக்குத் தெரிந்தவர்களே.

ஒரே இருக்கை, பல விலை

இந்தச் சிக்கலுக்கு விமான நிறுவனங்கள் கண்ட விடை, பயணிகளை வகைப்படுத்துவது. 1981இல் பறக்கத் தொடங்கிய பீப்பிள் எக்ஸ்பிரஸ் என்னும் நிறுவனம் மிகக் குறைந்த கட்டணத்தால் பெரிய நிறுவனங்களை அச்சுறுத்தியது. 1985 ஜனவரியில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் ஒரு மாற்றுவழியை மேற்கொண்டது. முன்கூட்டியே பதிவு செய்வோருக்குக் குறிப்பிட்ட சில இருக்கைகளை மட்டும் மலிவாக விற்றது. கடைசி நேரத்தில் வரும் வணிகப் பயணிக்காக ஏனைய இருக்கைகளை முழு விலையில் வைத்துக்கொண்டது. எந்த விலையில் எத்தனை இருக்கை என்பதைக் கணினி கணித்தது. பீப்பிள் எக்ஸ்பிரஸ் எல்லாருக்கும் ஒரே மலிவு விலை என்ற எளிய முறையைப் பெரிதும் நம்பியிருந்தது. அது தாக்குப்பிடிக்க இயலாமல் 1987இல் தனிப்பெயர் இழந்து வேறொரு நிறுவனத்தில் கலந்தது. அது கலந்த நிறுவனம் காண்டினென்டலே.

விலையேற்றத்திற்கு எளிதில் அஞ்சாதவரிடம் மிகுதியாகவும், அஞ்சுபவரிடம் குறைவாகவும் வாங்கும் இம்முறையைப் பிகூ என்னும் அறிஞர் 1920இலேயே வகைப்படுத்தியிருந்தார். தேவை நெகிழ்ச்சி என்னும் கருத்து நடைமுறையில் பெற்ற பெருவெற்றி இது. மலிவு இருக்கையால் முன்பு பறக்க வழியில்லாதவரும் பறந்தனர் என்பதை மறுத்தல் நேர்மையன்று. ஆனால் அதே கணக்கு, இறந்துபோன தாயின் முகம் காண விரைபவரையும் 'விலைக்கு அஞ்சாத பயணி' என்றே வகைப்படுத்துகிறது. அவசரம் வேறு, செல்வம் வேறு. கணக்குக்கு இரண்டும் ஒன்று. இது கோட்பாட்டின் பிழையன்று. கோட்பாடு எதனைக் காணாது என்பதற்குச் சான்று. காணாததைக் காணும் பொறுப்பு மேலாளருடையது.

மூழ்கிய செலவு

மீட்க இயலாதவாறு செலவழிந்துபோன பணத்தை மூழ்கிய செலவு என்பர். முடிவெடுக்கையில் அதனை மறந்துவிட வேண்டும் என்பது கோட்பாட்டின் உறுதியான அறிவுரை. இதற்கு உலகம் காட்டும் எடுத்துக்காட்டு கான்கார்ட் விமானம். ஒலியினும் விரைந்து பறக்கும் விமானத்தைக் கூட்டாகக் கட்டப் பிரிட்டனும் பிரான்சும் 1962 நவம்பரில் உடன்படிக்கை செய்தன. செலவு முதல் மதிப்பீட்டைப் பன்மடங்கு கடந்தது. வாங்குவோர் குறைந்தனர். இருந்தும் இவ்வளவு செலவழித்துவிட்டோமே என்ற எண்ணம் திட்டத்தை இழுத்துச் சென்றது. முன்செலவைக் காரணம் காட்டி மேலும் செலவிடும் தவற்றுக்கு 'கான்கார்ட் மயக்கம்' என்ற பெயரே நிலைத்துவிட்டது. முடிவில் விமான நிறுவனங்களின் சேவைக்கென உருவானவை 14 விமானங்கள் மட்டுமே.

சிங்கப்பூரும் இவ்வரலாற்றில் ஒரு சிறு பக்கத்தைப் பெற்றது. பிரிட்டிஷ் ஏர்வேஸ், சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ஆகிய இரண்டும் இணைந்து இலண்டன்–பஹ்ரேன்–சிங்கப்பூர் வழித்தடத்தில் 1977 டிசம்பரில் கான்கார்ட் சேவையைத் தொடங்கின. மூன்று முறை சென்று மீண்டதும், மலேசியா தன் வான்வெளியில் அது ஒலியினும் விரைந்து பறப்பதை எதிர்த்ததால் சேவை நின்றது. 1979 ஜனவரியில் மீண்டும் தொடங்கி, 1980 நவம்பரில் முடிவுற்றது. கான்கார்டை உருவாக்கப் பிற நாடுகள் செலவிட்ட பணத்தைக் காரணம் காட்டி இழப்பைத் தொடர வேண்டிய கட்டாயம் சிங்கப்பூருக்கு இல்லை. மூழ்கிய செலவின் பாரம் இல்லாதவர் விரைவில் தெளிந்த முடிவெடுக்க முடிகிறது என்பதற்கு இது நல்ல சான்று.

ஆனால் இங்கும் ஒரு திருத்தம் தேவை. முடிவெடுக்கையில் மூழ்கிய செலவை மறத்தல் அறிவு. முடிவெடுத்தவரை மதிப்பிடுகையில் அதனை மறத்தல் அறியாமை. 'போனது போகட்டும், இனி ஆவதைப் பார்ப்போம்' என்று இன்று சொல்பவர், நேற்று 'இது நிச்சயம் பலன் தரும்' என்று சொன்னவராகவும் இருக்கக்கூடும். வருங்காலத்தை நோக்கும் பொருளியலுக்கும், கடந்ததைக் காக்கும் கணக்கேட்டுக்கும் இங்கே வேலைப் பிரிவினை இருக்கிறது. முன்னதைக் கற்றுக்கொண்டு பின்னதை ஏளனம் செய்வது நிர்வாகக் கல்வியில் காணப்படும் குறை.

தொழிலாளர் மாறும் செலவா?

இறுதிநிலைக் கணக்கின் மிகக் கடினமான சோதனை இயந்திரத்தில் அன்று, மனிதரிடத்தில் நிகழ்கிறது. பாடநூல்களின் முதற்பாடத்தில் கட்டடமும் இயந்திரமும் மாறாச் செலவு; தொழிலாளர் கூலி மாறும் செலவு. தேவை குறைந்தால் முதலில் குறைக்க வேண்டியது ஆளை என்ற எண்ணம் இப்பிரிவினையிலேயே புதைந்து கிடக்கிறது. வால்டர் ஓய் என்னும் பொருளியலாளர் 1962இல் இதனைத் திருத்தினார். ஒருவரைத் தேடி அமர்த்தவும் பயிற்றவும் ஆகும் செலவு, அவரை அனுப்பிவிட்டால் மீளாது. எனவே உழைப்பும் ஓரளவு மாறாச் செலவின் இயல்புடையதே என்பது அவர் நிறுவிய உண்மை. தேர்ச்சி மிகுதியாகத் தேவைப்படும் வேலையில் இது இன்னும் பொருந்தும்.

2020ஆம் ஆண்டின் கொள்ளைநோய்க் காலம் இதனைத் தெளிவாக்கியது. பறக்காத விமானத்துக்குப் பணியாளர் எதற்கு என்ற கேள்வி உலகெங்கும் எழுந்தது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் குழுமம் அவ்வாண்டு செப்டம்பரில் ஏறத்தாழ 4,300 பணியிடங்களைக் குறைப்பதாக அறிவித்தது. ஆளெடுப்பை முன்பே நிறுத்தியதாலும் விருப்ப ஓய்வாலும், வேலையிழப்போர் ஏறத்தாழ 2,400 பேர் எனக் கூறியது. வருவாய் ஏறக்குறைய இல்லாமற்போன ஒரு நிறுவனத்தை இதற்காக எளிதில் பழிப்பது முறையன்று. ஆயினும் 2022இல் பயணிகள் திரும்பியபோது நிகழ்ந்ததையும் நினைவிற்கொள்ள வேண்டும். இலண்டன் ஹீத்ரோ விமான நிலையம் போதிய ஆளின்றி, அவ்வாண்டு ஜூலையில் நாளொன்றுக்குப் புறப்படும் பயணிகள் 100,000 பேருக்கு மேற்படக்கூடாது என்று வரம்பு விதித்தது. பயணியும் இருந்தார், விமானமும் இருந்தது. பெட்டி தூக்கவும் வழிகாட்டவும் கைகள் போதவில்லை. ஆளைக் குறைத்தபோது மிச்சப்பட்ட கூலி கணக்கேட்டில் ஏறியது. பின்னர் இழந்த வருவாயைக் குறைத்தவர்களின் பெயரில் எந்த ஏடும் பதியவில்லை.

அதே 2020இன் தொடக்கத்தில் ஐரோப்பாவில் ஏறக்குறைய ஆளில்லா விமானங்கள் பறந்ததும் ஒப்புநோக்கத்தக்கது. நெரிசலான நிலையங்களில் ஒரு நிறுவனத்திற்கு ஒதுக்கிய நேரத்தில் 80 விழுக்காட்டையேனும் பயன்படுத்தாவிடின், அடுத்த பருவத்தில் அவ்வுரிமை பறிபோகும் என்பது விதி. உரிமையைக் காக்கவே அவை பறந்தன. அவ்வாண்டு மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியம் அவ்விதியைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்தது. கொலராடோவின் இரவுப் பயணமும் இதுவும் ஒரே வகைக் கணக்கு. வருங்கால வருவாய்க்காக ஆளில்லா விமானத்தைப் பறக்கவிடத் தெரிந்த கணக்கு, அதே வருங்காலத்துக்காகத் தேர்ந்த ஆளை வைத்துக்கொள்ளத் தயங்கியது ஏன்? நேர உரிமை போனால் திரும்பாது என்று அதற்குத் தெரிந்தது. தேர்ந்த கை போனாலும் எளிதில் திரும்பாது என்று அதற்குத் தெரியவில்லை என்பதே விடையாகலாம்.

மதிப்பீடு

நுண்பொருளியல் மேலாளருக்குப் பயன்படுமா என்ற வினாவுக்கு ஐயமின்றி ஆம் என்றே விடை கூறலாம். பங்கிடப்பட்ட மேற்செலவைக் கண்டு அஞ்சி நல்ல வாய்ப்பை மறுப்பவருக்கும், மூழ்கிய பணத்தைத் தேடி மேலும் மூழ்குபவருக்கும் அதனைவிடச் சிறந்த மருந்து இல்லை. ஹாலும் ஹிட்சும் கண்ட வணிகர் பலரும் அம்மருந்தை உண்டிருந்தால் பயன் பெற்றிருப்பர். ஆனால் 'இம்முடிவால் மாறுவது எது?' என்னும் அதன் கேள்வியைச் சுருக்கமாகக் கேட்டால் சுருக்கமான விடையே வரும். ஒரு பயணத்தைப் பற்றிக் கேட்டால் 1,100 டாலர் இலாபம். பத்துப் பயணங்களைப் பற்றிக் கேட்டால் 14,000 டாலர் நட்டம். கேள்வியின் எல்லையை வகுப்பது கோட்பாடு அன்று, கேட்பவர்.

திருக்குறளில் 'தெரிந்து செயல்வகை' அதிகாரத்தின் முதற்குறள் ஒரு வினையைத் தொடங்குமுன் மூன்றை எண்ணச் சொல்கிறது. அதனால் கையைவிட்டுப் போவது ஒன்று; கைக்கு வந்து சேர்வது ஒன்று; அதன் வழியாகப் பின்னாளில் விளைவது மற்றொன்று. முதல் இரண்டும் சேர்ந்ததே இறுதிநிலைக் கணக்கு. வீலன் அடிப்படை அட்டவணையை முதலில் வகுத்தபோது மூன்றாவதையும் எண்ணினார். அவருடைய எடுத்துக்காட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போனவர்கள் இரண்டோடு நின்றுவிட்டனர். நிர்வாகப் பொருளியலைக் கற்பிப்போர் 3,100 டாலர் கணக்கைக் கரும்பலகையில் எழுதும் அதே பாடவேளையில், பத்துப் பயணக் கணக்கையும் அதன் அருகிலேயே எழுதுவாராயின், அத்துறை தன் கடமையை முழுமையாகச் செய்ததாகும்.